பந்து எங்கீங்க?

நடுவர் வேலையில் எந்நேரமும் மைதானத்தில் பாதிப் பேர் நம்மைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பாதி என்பதுதான் மாறும். எந்த விளையாட்டிலாவது விசில் பிடித்து வசவு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளில் நான் கோவையில் உடற்பயிற்சி ஆசிரியன். ஞாயிறுகளில் கல்லூரிப் பந்தயங்களுக்கு நடுவர். பையன்களுக்கு பேஸ்பால், பெண்களுக்கு சாஃப்ட்பால். இரண்டிலும் எங்கள் உயிரை வாங்கியது ஒரே விதி. ஓடி வருகிறவர் தளத்தை, அதாவது 'பேஸ்' என்கிற வெள்ளைத் திண்டை, தொடுவதற்குள், பந்தைப் பிடித்திருக்கும் கையுறையால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். தொடும்போது பந்து நழுவினால் அவுட் இல்லை.

அவசரக் கை

முதல் வருஷம் இரண்டாவது தளத்தில் நின்றேன். ஒரு பையன் சறுக்கி வந்தான். கையுறை அவன் முழங்காலில் பட்டதுதான் தாமதம், "அவுட்!" என்று கையைத் தூக்கிவிட்டேன். புழுதி அடங்கியதும் பார்த்தால், பந்து என் ஷூவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அன்று தலைமை நடுவர் ரஹீம் பாய். கோட்டைமேட்டில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், என் வயதுதான். வேறு யாராவது என்றால் அங்கிருந்தே கத்தி மானத்தை வாங்கியிருப்பார்கள். இவர் நிதானமாக நடந்து வந்து, என் தோளில் கைபோட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவுட்டு சரிங்க சார், பந்து எங்கீங்க?"

வெள்ளைப் பேண்ட்

பெருந்துறையில் ஓர் ஆட்டம். ஓடி வந்தவனும் பிடித்தவனும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். பந்து யாரிடம் என்றே தெரியவில்லை. ரஹீம் பாய் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்டோடு செம்மண்ணில் படுத்து, இருவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். பந்து கையுறைக்குள்ளேயே இருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுத்தான் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க பாய், இத்தனை நேரமுங்களா?" என்று ஒரு கோச் சலித்துக்கொண்டார். பாய்க்குக் கோபமே வரவில்லை. "மூடியத் தொறந்து பாக்காம எந்த வாட்சுக்கும் நான் பதில் சொல்றதில்லீங்க" என்றார்.

கிணத்துக்கடவு கேட்சர்

பெண்கள் இறுதியாட்டம். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். இரு அணியும் சமம். ஓடி வருகிறவள் கடைசித் தளத்தைத் தொட்டால் அவள் அணிக்கு வெற்றி. அந்தத் தளத்தைக் காத்த எதிரணி கேட்சர் செல்வி, கிணத்துக்கடவுப் பெண், குனிந்து அவளைத் தொட்டாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. திரும்பியபோது பந்து கையுறையில் இருந்தது. நம்பி "அவுட்!" என்றேன். அவளுடைய அணி துள்ளிக் குதித்தது.

செல்வி முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், பந்து கீழ உழுந்துபோச்சுங்க. எடுத்துத்தான் வெச்சிருக்கேன்." கண் நேராகப் பார்த்தது. தீர்ப்பை மாற்றினேன். அத்தோடு ஆட்டம் முடிந்தது; ஓடி வந்தவளின் அணி ஜெயித்தது.

அவளுடைய கோச்சம்மா ஓடி வந்தார். "அம்பயரே பாக்கலையே, உனக்கென்ன கண்ணு வந்துச்சு?"

செல்வி முழங்காலுக்குக் கீழே தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கால் மேலதானுங்க உழுந்துச்சு, எனக்குத் தெரியாம போகுமுங்களா?"

பதினோரு வருஷம் நடுவராக நின்றதில், என் தீர்ப்பு சரிதான் என்று இரண்டு அணியும் ஒருசேர ஒத்துக்கொண்டது, மழைக்காக ஆட்டத்தை நிறுத்திய அன்று மட்டும்தான்.