முடிச்சும் முதல் கட்டமும்

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் முடிச்சு. மூன்றாம் வருடத்தில் அறுவைப் பிரிவுக்குப் போன முதல் வாரமே ஒற்றைக் கையால் நூல் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு, விடுதி அறையில் கண்ணில் பட்டதையெல்லாம் கட்ட ஆரம்பித்தாள். கட்டில் கால், ஜன்னல் கம்பி, என் பையின் ஜிப். அவசரமாகக் கிளம்பும் நாளில் என் செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும். நான் திட்டித் தீர்ப்பேன். அவள் கத்தரிக்கோலை நீட்டிவிட்டு, எந்த முடிச்சு இளகியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். இவள் சர்ஜரியைத் தவிர வேறெதற்கும் போக மாட்டாள் என்று எங்கள் வகுப்பே முடிவு கட்டியிருந்தது.

ஆனால் அவள் டாக்டருக்குப் படிக்க வந்ததே அப்பாவுக்காகத்தான். அவர் பஸ் ஓட்டியவர். நாற்பத்தைந்து வயதில், கை ஆடுகிறது என்று டிப்போவில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரு டானிக்கைக் கொடுத்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் வீடே வாயை மூடிக்கொண்டது. நரம்புத் தளர்ச்சி என்றால் நம் ஆட்கள் எதை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பதினான்கு வருடமாக அவள் அம்மாதான் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறார், ரசத்தைக் கரண்டியால் ஊட்டிவிடுகிறார். ஒரு டாக்டரும் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கடைசி வருடத்தில் மேற்படிப்புப் படிவம் வந்தது. விருப்பத்துக்கு இரண்டு கட்டம்; முதல் கட்டத்தில் எழுதுவதுதான் பெரும்பாலும் கிடைக்கும். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நான் தோல் நோய் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். முடிச்சு அந்தக் காகிதத்தை நான்கு நாள் மேஜையில் விரித்து வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சர்ஜரின்னு எழுதித் தொலையேன். இதுல என்ன யோசனை?"

"நியூரோவா சர்ஜரியான்னு தெரியல. ரெண்டும் பயமா இருக்கு."

"உனக்கா பயம்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சில மாதங்களாக என் செருப்பு பிணைபடவே இல்லை என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பரீட்சை டென்ஷன் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் எங்களுக்கு நரம்பியல் வார்டு. பேராசிரியையின் கோட்டுப் பையில் எப்போதும் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் இருக்கும், அதனால் அவர் சுத்தியல் மேடம். அன்றைக்கு ஒரு தச்சரை உட்கார வைத்து நடுக்குவாதத்தை விளக்கினார். தச்சரின் வலது கை மடியில் சும்மா கிடக்கும்போதே மாத்திரை உருட்டுவதுபோல் ஆடியது. அவரிடம் பேனாவைக் கொடுத்து நத்தைக்கூடு மாதிரி சுருள் வரையச் சொன்னார். வரவரச் சிறுத்து, நடுவில் புள்ளியாகிவிட்டது.

"இப்ப பக்கத்துல ஒரு நல்ல கை வரையட்டும். யார் வர்றீங்க?"

நான்தான் வாயைக் கொடுத்தேன். "மேடம், இந்தக் காலேஜுக்கே நிதானமான கை இவளுதுதான்" என்று அவளை முதுகில் தள்ளினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. அப்படித்தான் போனாள். பேனா காகிதத்தில் பட்டதும் ஆட ஆரம்பித்தது. சுருள் முழுக்க ரம்பத்தின் பல். பதினெட்டுப் பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்தோம். மேடம் அந்தக் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, நடையைப் பார்ப்போம்" என்று தச்சரை எழுப்பி நடக்கவைத்தார்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். எல்லாம் கொட்டினாள். இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறதாம். அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது, நாற்பது வயதில் தனக்கும் ஒருவர் ஊட்ட வேண்டியிருக்கும் என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். நடுக்குவாதத்தில் கையெழுத்து சிறுத்துப்போகும் என்று படித்தவள், தினமும் காலையில் ஒரே வரியை நோட்டில் எழுதி, எழுத்தை ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நாளில் மட்டும் ஒரு மாத்திரை. மேடை நடுக்கத்துக்கென்று சீனியர் ஒருத்தி எப்போதோ கொடுத்தது. அதைப் போட்டால் கை நிற்குமாம்.

"சர்ஜரி எடுத்தா ஒருநாள் யாரையாவது கிழிச்சுக் கொன்னுடுவேன். நியூரோ எடுத்தா முதல் நாளே கண்டுபிடிச்சிடுவாங்க. நான் எங்கடி போறது?"

எனக்கு அழுகை வந்தது. தள்ளிவிட்ட பாவி நான்தானே. அவளை இழுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

மாத்திரை வரை நான் சொன்ன எல்லாவற்றையும் மேடம் கேட்டுக்கொண்டார். அவள் கைகளை மடியில் வைக்கச் சொன்னார். அசையவில்லை. நீட்டச் சொன்னார். ஆடியது. நிரம்பிய தண்ணீர் டம்ளரை எடுக்கச் சொன்னார். பாதி மேஜையில்.

"தச்சருக்குச் சும்மா இருக்கும்போது ஆடுது, உனக்கு வேலை செய்யும்போது ஆடுது. இது நாலாம் வருஷப் பாடம்மா. நீ அதுல முதல் மார்க்."

அவள் தலை குனிந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புத்தகத்தில் இருந்ததெல்லாம் தெரிந்தவளுக்குத் தன் கையைப் பார்க்கத் தெரியவில்லை.

"இது பரம்பரையா வர்ற நடுக்கம். ஆளை முடக்கிப் போடுற வியாதி இல்ல. அந்த மாத்திரைக்குக் கட்டுப்படும். தினமும் ஒழுங்கா எடுத்துக்கிட்டா உன் கை ஆபரேஷனுக்கும் போதும். அப்பாவுக்குச் சும்மா உக்காந்திருக்கும்போது ஆடுமா?"

முடிச்சு சிந்திய தண்ணீரைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"தெரியாது மேடம். நான் பார்த்ததில்ல."

"வீட்ல இருக்கிற அப்பாவையா?"

"பார்க்கப் பயம் மேடம்."

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார். நெடுநெடுவென்று உயரம், தரையைப் பார்த்தபடியே நடந்தார். மேடத்தின் எதிரே உட்கார்ந்து கைகளைத் தொடைமேல் வைத்தார். கை அசையவே இல்லை. முடிச்சு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. மகளுக்கு இருப்பதேதான் அப்பாவுக்கும், கொஞ்சம் முற்றியது. மேடம் நாடி பார்த்து, மூச்சிரைப்பு உண்டா என்று விசாரித்து, சீட்டு எழுதினார். எழுதியது அதே மாத்திரை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடம் அது அவள் பென்சில் பெட்டியில் கிடந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். சட்டைப் பட்டனைத் தானே போட்டிருந்தார். ஒன்று தப்பி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் முழுக்கப் போகவில்லை, பாதிதான். மேடத்தைப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு கேக்கவா பாப்பா?" என்றார். "லீவுக்கு வந்தா நீ என்கூட உக்காந்து சாப்பிட மாட்ட. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுவ. அப்பா சிந்திச் சிந்திச் சாப்பிடுறது உனக்கு அருவருப்பா இருக்குன்னு நெனச்சேன். அதான் நீ வர்ற அன்னைக்கெல்லாம் நான் முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிடுவேன்."

"அய்யோ அப்பா, அருவருப்பு இல்லப்பா. பயம். உங்க கையைப் பார்த்தா எனக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சிடுமோன்னு பயம்."

அவர் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமே" என்றார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

படிவத்துக்கு மறுநாள் கடைசி நாள். சர்ஜரிக்கு இனித் தடையில்லை, மேடமே சொல்லிவிட்டார். அதனால் அவள் சர்ஜரி என்றுதான் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ஆபீஸ் ஜன்னலில் அவள் நீட்டிய காகிதத்தின் முதல் கட்டத்தில் நரம்பியல் என்று இருந்தது.

"ஏன்டி?"

"மருந்துக்கடையோட நின்னுபோன வீடு எங்க வீடு ஒண்ணுதானா இருக்கும்?" என்றாள். "பயம் போகல. போனதும் எழுதலாம்னா கடைசி நாள் போயிடும்."

எழுத்தர் படிவத்தைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அவள் மாத்திரை போடவில்லை போலிருக்கிறது. எழுத்து அலை அலையாக இருந்தது.

"பஸ்ல வெச்சு எழுதினீங்களா?"

"இல்ல சார்," என்றாள். "எனக்குக் கை நடுங்கும்."