சண்டைக்காரியில் ஆரம்பித்த ஐந்து இசைத்தட்டுகள்

1. வாயைக் கொடுத்த நாள்

ஆடித் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மரக்காணத்தில் கவுஸ் பாய் நடத்திய சவுண்ட் சர்வீஸில் எனக்கு நாலாவது வருஷம். ஆம்ப்ளிஃபையர் தூக்குவது, ஹார்ன் குழாய் கட்ட மரம் ஏறுவது, ரெக்கார்டு போடுவது எல்லாம் என் வேலை. மேடையில் ஆள் பாடும்போது ஆம்ப்ளிஃபையர் முன்னால் உட்காரும் ஆபரேட்டர் வேலை மட்டும் என்னிடம் வரவில்லை. அதைப் பாய் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நாற்காலியில் ஒரு தரமாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

உப்பளக் காலனி மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா கண்ணாயிரம் கடைக்கு வந்தார். வழக்கம்போல் கூத்துக்கு மைக் செட் சொல்ல வந்தவர். நான் குறுக்கே புகுந்தேன்.

"இந்த வருஷம் கூத்து வேணாங்க. பாண்டிச்சேரி வெண்சங்கு மெல்லிசைக் குழுவக் கூப்பிடுங்க. அஞ்சு ரெக்கார்டு போட்டிருக்காங்க. அஞ்சும் அஞ்சு தினுசு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஜனம் பேரே கேள்விப்படாத குழு. மேடையேத்தி வெச்சிட்டு எல்லாரும் எழுந்து போயிட்டா யாரு முழிக்கறது?"

"பத்து நாள் டைம் கொடுங்க. அந்தக் குழுதான் வேணும்னு ஜனமே சொல்லும்."

"சொல்லலன்னா?"

அதுவரை ரெக்கார்டு பிளேயர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த கவுஸ் பாய் தலை நிமிர்ந்தார். "சொல்லலன்னா கூத்து. இவனும் இனிமே மேடை மைக்க பத்தி எங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது. சொல்ல வெச்சிட்டான்னா அன்னிக்கு ஆபரேட்டர் இவன்தான்."

கோபத்தில் சொன்னாரா, குஷியில் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

2. டெஸ்டிங்

வெண்சங்கு குழுவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழுவின் தலைவர் தாமோதரன், வயலின்காரர். பாடகி மரகதம். முதல் ரெக்கார்டு அம்மன் பாட்டு. இரண்டாவது படகுக்காரப் பாட்டு, அக்கார்டியனும் பாங்கோவும் துள்ளும். மூன்றாவதில் பாட்டே கிடையாது, வயலினும் கிட்டாரும் மட்டும். நாலாவது முழுக்கப் புருஷன் பெண்டாட்டி சண்டை. ஐந்தாவது பிரிவுப் பாட்டுகள், கேட்டால் சோறு இறங்காது. இதில் இரண்டை அடுத்தடுத்துப் போட்டு, ஒரே குழுதான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எனக்கு உயிர் மூன்றாவது. கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் அதன் இரண்டாவது சைடைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். வாய்ப்பாட்டில்லாமலே ஒருத்தன் நெஞ்சைத் திறந்து காட்டுகிற வாசிப்பு. நல்லதை முதலில் காட்டினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

காலனி ஜனம் பூரா வேலை செய்யும் உப்பளத்து மேஸ்திரியிடம் கெஞ்சி, பாத்திகளுக்கு நடுவில் இருந்த கொட்டகையின் மேல் ஹார்ன் கட்டினேன். காலை வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி அம்பாரத்தில் கொட்டிவிட வேண்டும் என்று எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது ரெக்கார்டைப் போட்டேன். ஒரு சைடு ஓடி முடிந்தது. ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. மறு சைடும் ஓடியது. கூடை சுமக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பச்சையம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

"ஏம்பா, எவ்ளோ நேரம்தான் டெஸ்டிங் பண்ணுவ? சீக்கிரம் பாட்டப் போடேன்."

எங்கள் தொழிலில் அது வழக்கம். கல்யாணமோ திருவிழாவோ, பாட்டு போடுவதற்கு முன் வாத்தியம் மட்டும் உள்ள ரெக்கார்டு ஒன்றை ஓடவிட்டு ஹார்னைச் சரிபார்ப்போம். நாலு வருஷமாக நானே செய்தது. அந்த ஜனத்துக்கு வாய்ப்பாட்டில்லாத சங்கீதம் என்றால் இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். போதாததற்கு, ஹார்னில் வயலினின் அடிக்குரல் எல்லாம் போய் கீச்சுக்கீச்சென்றுதான் வந்தது. அவமானமாக இருந்தது. விடுவதாகவும் இல்லை.

மறுநாள் முதல் ரெக்கார்டு, அம்மன் பாட்டு. இதில் யார் குறை சொல்ல முடியும் என்று தைரியமாகப் போட்டேன். இரண்டாவது பாட்டிலேயே ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. பாத்தியில் இறங்கி ஆடினாள். விளைந்து நின்ற உப்பெல்லாம் சேறாகக் கலங்கியது. மேஸ்திரி ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். பச்சையம்மாள்தான் அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"காப்பு கட்டறதுக்கு முன்ன குழாய்ல இந்தப் பாட்டப் போடலாமா? ஆத்தா வந்து நின்னு எங்கடா கூழுன்னு கேட்டா நீயா ஊத்துவ?"

அடுத்த நாள் ஐந்தாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். கவுஸ் பாய் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார். "டேய், இத ஹார்ன்ல போட்டா யாரு மவுத்து, எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டு மூணு ஊரு ஜனம் வந்துடும்டா."

3. கஞ்சி நேரம்

பத்து நாளில் மூன்று நாள் போச்சு. அன்று பூராவும் சைக்கிளை உருட்டிக்கொண்டே யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஹார்ன் சத்தம் கேட்டால் யாரும் பாட்டு கேட்பதில்லை. என்ன விசேஷம் என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணமா, காப்பா, சாவா என்று தெரிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் கட்டிய ஹார்னே என் பாட்டுக்கு எதிரி என்று அப்போதுதான் உறைத்தது. போய்க் கழற்றி இறக்கினேன்.

மறுநாள் பேட்டரியில் ஓடும் சூட்கேஸ் பிளேயரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, கஞ்சி குடிக்கும் நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரி முறைத்தார். "ஐயா, இது கூப்பிடு தூரத்துக்குக்கூட கேக்காது" என்று திறந்து காட்டியபிறகு விட்டார்.

பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் பேசாமல் நாலாவது ரெக்கார்டைப் போட்டேன். தண்ணீர்க் குடத்தை யார் உடைத்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்ளும் பாட்டு. மரகதம் ஒரு வாங்கு வாங்குவார். புருஷன் குரல் தாமோதரனுடையது, பாதி வார்த்தையிலேயே அமுங்கிப்போகும். முதல் சரணத்தில் கஞ்சிக் கிண்ணங்கள் அப்படியே நின்றன. இரண்டாவதில் ஒருத்திக்குச் சிரித்துப் புரை ஏறியது.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள் பச்சையம்மாள். முடிந்ததும், "இவங்க நெஜமாவே புருஷன் பொண்டாட்டியா?" என்றாள்.

"தெரியலக்கா. கவர்ல அப்படி ஒண்ணும் போடல."

"போடணுமா என்ன? சண்டயக் கேட்டாத் தெரியல?"

அவளே தீர்த்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

அதன்பிறகு எனக்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டாவது ரெக்கார்டு. "அதே சண்டைக்காரிதான், படகுல போறா" என்றேன். மெட்டு வேறு, வாத்தியம் வேறு, ஆனால் குரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள். கூடை தூக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். அதற்கடுத்த நாள் பயந்துகொண்டே மூன்றாவதை எடுத்து, இரண்டாவது சைடைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சண்டக்காரி எங்க?" என்றாள் பச்சையம்மாள்.

"இதுல அவங்க இல்லக்கா. அவரு மட்டும் வயலின் வாசிக்கறாரு."

"கோவிச்சிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா போல."

யாரும் சிரிக்கவில்லை. வயலின் மேலே ஏறி இறங்கியது. பக்கத்தில் இருந்தவளிடம் அவள் மெதுவாகச் சொன்னாள், "கூப்பிடறான்டி."

எத்தனையோ மத்தியானம் தனியாக உட்கார்ந்து கேட்டவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. கண் கலங்கிவிட்டது. பேட்டரி வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் தர்மகர்த்தா உப்பளத்துக்கே வந்து, கூத்தா மெல்லிசையா என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். "அந்தச் சண்டக்காரிய வரச் சொல்லுங்க."

4. நாற்காலி

திருவிழா அன்று வெயில் தாழ மேடை தயாராகிவிட்டது. முன்னால் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, வெளியே கேட்க ஹார்ன் நாலு. ஆம்ப்ளிஃபையர் முன்னால் நான். குழுவின் வேன் வந்து நின்றது. மரகதம் மட்டும் இல்லை. கிளியனூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறார் என்றார்கள்.

பிள்ளையார் பாட்டை வேறொருவர் பாடி முடித்தார். பஸ்ஸைக் காணோம். கூட்டம் சலசலத்தது. "சண்டக்காரி எங்க?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கூத்து மேல் ஆசையாக இருந்த சில ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். தர்மகர்த்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன்.

மேடையில் ஏறி தாமோதரனிடம் போனேன். "சார், மூணாவது ரெக்கார்டு, ரெண்டாவது சைடு. அத வாசிங்க."

"பாட்டே இல்லாததயா? இருக்கற ஜனமும் போயிடும்பா."

"போகாது சார். நான் பொறுப்பு. வாசிங்க."

இறங்கி வந்து நாலு ஹார்னையும் ஆஃப் செய்தேன். தர்மகர்த்தா பதறினார். "டேய், குழாய ஏன்டா நிறுத்தின?"

"குழாய்ல இது டெஸ்டிங் மாதிரி கேக்குங்க." இரண்டு பெட்டி ஸ்பீக்கரை மட்டும் வைத்துக்கொண்டு, வயலின் மைக்கை ஏற்றினேன். கவுஸ் பாய் என் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

வயலின் ஆரம்பித்தது. எழுந்தவர்கள் போகிற அவசரத்தில் ஏதோ பேசினார்கள். பச்சையம்மாள் திரும்பி, "ஏம்பா, கொஞ்சம் சும்மா இருங்க. அவன் பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கினு இருக்கான்" என்றாள். அது ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போயிற்று. துண்டை உதறியவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். தாமோதரன் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடியும் என்று கை காட்டினேன். மூன்றாவது தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, கையில் பையோடு மரகதம் பந்தலுக்குள் ஓடி வந்தார்.

பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பச்சையம்மாள் கேட்டாள், "எவ்ளோ நேரமாக் கூப்பிடறான், இப்பத்தான் வர்றியாம்மா?"

மரகதத்துக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மேடையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் கைதேர்ந்த பாடகி. பையைக் கீழே வைத்துவிட்டு நேராக மைக்கில் போய்க் குடம் உடைந்த பாட்டை எடுத்தார். நான் நாலு ஹார்னையும் ஆன் செய்தேன். திரும்பிப் பார்த்தபோது பின்னால் கவுஸ் பாயைக் காணவில்லை. பந்தலுக்கு வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். கச்சேரி முடியும்வரை ஆம்ப்ளிஃபையர் பக்கம் அவர் வரவே இல்லை.

ஆபரேட்டர் நாற்காலியில் அதற்குப் பிறகு முப்பது வருஷம் உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். ஏதோ ஒரு குழுவின் பேரைச் சொல்லி, இத்தனை ஆல்பம் இருக்கிறது, என் சிநேகிதனுக்கு எதை முதலில் போட்டுக் காட்டுவது என்று. உன் சிநேகிதன் எங்கே, எந்த நேரத்தில் உட்கார்ந்து கேட்பான் என்று திருப்பிக் கேட்பேன். அப்புறம் ஒன்று மட்டும் சொல்வேன். உனக்கு உயிரானது எதுவோ, அதில் ஆரம்பிக்காதே. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். டெஸ்டிங் எப்போது முடியும் என்று கேட்டார்கள்.