தன் பாட்டில் அசைந்தது

உயிரியல் ரீச்சரை நினைத்தால், ஆய்வுகூட மேசையில் மின்குமிழின் சூட்டில் இருந்த அந்தக் கோழி முட்டைதான் முதலில் கண்ணுக்குள் வரும். ஓட்டில் சின்னதாக ஒரு யன்னல் வெட்டி, ஒட்டுநாடாவால் மூடியிருந்தார். கோப்பாயில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம், நான் இரசாயனவியல். ஒருநாள் இடைவேளையில், "ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நாடாவை நீக்கினார். நகத்தளவுகூட இல்லாத முளையம், குஞ்சாகப் போகும் கரு, சிவப்பு நூல்கள் போன்ற குருதிக் குழாய்களுக்கு நடுவே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் அதன் உடல் வளைந்தது, ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வளைந்தது.

"வெளிச்சம் பட்டதாலையோ?" என்று கேட்டேன். தூண்டல் இருந்தால்தான் துலங்கல் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

"இல்லை. இதுக்கு இன்னும் வெளிச்சமும் தெரியாது, தொட்டாலும் தெரியாது. முதுகெலும்புக்குள்ளை ஓடுற முண்ணாணிலை இருக்கிற நரம்புக் கலங்கள் தங்கடை பாட்டிலை மின்சாரத்தைக் கிளப்புது. ஒண்டு கிளம்ப மற்றதும் கிளம்புது. பிறகு எல்லாம் களைச்சு ஓயுது."

சொல்லிவிட்டும் முட்டையை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தான் கருவுற்றிருப்பதாக மெல்லச் சொன்னார். முந்திய இரண்டும் தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஒரு அசைவும் தெரியேல்லை அக்கா. பயமாக் கிடக்கு."

"அதுக்குக் காலம் இருக்கெல்லே ரீச்சர்."

"ஓம். நானே படிப்பிக்கிறனான். எண்டாலும் பயம் போகுதில்லை."

கணவருக்குக் கொழும்பில் வேலை. ஸ்கான் எடுக்க நான்தான் கூடப் போனேன். திரையில் பிள்ளை அசையாமல் கிடந்தது. "இதயம் துடிக்குது" என்றார் டொக்டர்.

"போன முறையும் துடிச்சதுதான்" என்றார் ரீச்சர். அவரது கை என் கையைத் தேடிப் பிடித்தது.

அப்போது திரையில் ஒரு கால் நீண்டு உதைத்தது. முழு உடம்பும் துள்ளி அடங்கியது.

"நீங்கள் வயித்தை அமத்தினீங்களோ டொக்டர்?"

"இல்லையம்மா. என்ரை கை அப்பிடியேதான் இருக்கு. பிள்ளை தன்ரை பாட்டிலை ஆடுது."

ரீச்சர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. துடைக்க என் கையை விட வேண்டுமே என்று துடைக்காமலே கிடந்தார்.

போன கிழமை இணுவிலில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளுக்கு இப்போது நாலு வயது. ரீச்சர் சோற்றுக் கோப்பையோடு பின்னால் திரிய, அவள் கதிரையில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள்.

"இவள் ஒரு இடத்திலை இருக்கவே மாட்டாளோ?" என்றேன்.

ரீச்சர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

"ஆடட்டும், விடுங்கோ அக்கா."