சீவரத்தினம் ஒட்டிய பிழைச் சீட்டு

இணுவிலில் வீடியோ ஸ்ரூடியோ வைத்திருக்கும் சீவரத்தினத்துக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அவர் படத்தைப் பதிந்து எழுதிக்கொடுத்த டிவிடியைக் குறை சொல்லிவிட்டால் மனுசனைப் பிடிக்க முடியாது. சும்மா எழுதிக் கொடுக்கிற ஆளா அவர்? எழுதி முடித்த கையோடு அதே டிரைவில் ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதிப்பார். எத்தனை இடத்தில் வாசிப்புப் பிழை என்று கொம்பியூட்டர் எண்ணிச் சொல்லும். அந்தத் தொகையைச் சீட்டில் அச்சடித்து உறையில் ஒட்டுவார். ஊரில் வேறு எவன் உப்பிடிச் செய்கிறான் என்று கேட்பார். ஒருவரும் செய்யவில்லைத்தான்.

அன்று காலை பத்மாசினி வந்தார். நாலு மாதத்துக்கு முன் அவருடைய கணவர் பரமலிங்கத்தின் செத்தவீட்டை வீடியோ எடுத்தவர் சீவரத்தினம். அகதி வழக்கு முடியாமல் கனடாவை விட்டு அசைய முடியாத ஒரே மகன் ஜெயதீபனுக்காக எடுத்தது.

“தம்பி, கடைசியிலை படம் நிண்டு போகுதாம். பெட்டி மூட முன்னம் முகம் காட்டுற இடம் வரேல்லையாம்.”

“அவன்ரை பிளேயர் பழசாயிருக்கும், அக்கா.”

“மூண்டிலை போட்டுப் பாத்தவனாம். எனக்குத் தந்த பிரதியும் அந்த இடத்திலைதான் நிக்குது.”

அவர் நீட்டிய பிரதியின் உறையில் ‘பிழை 9’ என்று இருந்தது. சீவரத்தினம் அதை டிரைவில் போட்டார். நடுவில் ஒழுங்காக ஓடியது, விளிம்புக்குப் போகப்போகப் பிழை ஆயிரக்கணக்கில் ஏறி, படம் உறைந்தது. போன மாதம் வாங்கிய புது டிரைவ் அது. குப்பையைத் தலையில் கட்டிவிட்டான்கள் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டு, டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தெல்லிப்பழைக்குப் பறந்தார். அங்கே கிறகோரி கொம்பியூட்டர் திருத்துகிறவன்.

கிறகோரி இரண்டு டிரைவில் போட்டான். ஒன்று ஒரு தொகை சொன்னது, மற்றது வேறு தொகை. படம் மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றது.

“எண்ணிக்கை டிரைவுக்கு டிரைவ் மாறும், அண்ணை. எழுதின டிரைவ் தன்ரை கோணல் எழுத்தைத் தானே வாசிச்சிடும். வேறையொண்டிலை ஏன் ஒருக்காலும் பாக்கேல்லை?”

சீவரத்தினத்துக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அந்த டிஸ்க்கை எழுதிய பழைய டிரைவ் பழுதாகி, பழைய இரும்பு எடுக்கிறவனோடு போய்விட்டது. கமராவில் இருந்த மூலமும் இல்லை. செத்தவீட்டுப் படத்தை அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு வைத்திருக்கக் கூடாதென்று முப்பத்தோராம் நாளே அழித்துவிடுவது அவர் வழக்கம். ‘பிழை 9’ என்று சீட்டு ஒட்டியாயிற்றே, பிறகென்ன பயம்? அந்தச் சீட்டை நம்பிய முட்டாள் வேறு யாருமில்லை, தான்தான் என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேரே பத்மாசினி வீட்டுக்குப் போனார்.

“என்ரை பிழைதான், அக்கா. மூலத்தையும் அழிச்சுப்போட்டன். அந்த இடம் இனி எடுக்கேலாது.”

பத்மாசினி அழவில்லை. போனை எடுத்து மகனை அழைத்தார்.

“அழிச்சது நீங்கள். கடைசியா அந்த முகத்துக்குக் கிட்ட நிண்டதும் நீங்கள். எப்பிடி இருந்ததெண்டு நீங்களே அவனுக்குச் சொல்லுங்கோ.”

சீவரத்தினம் போனை வாங்கிக் காதில் வைத்தார். அங்கே ஜெயதீபன், “சொல்லுங்கோ அண்ணை” என்றான். அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரச் சீவரத்தினம் எவ்வளவோ பார்த்தார். அதைப் படம் பிடிக்கும்போது கமராப் பற்றரி முடியப்போகிறதென்று தனக்கு வந்த எரிச்சல் மட்டுந்தான் நினைவிலிருந்தது.