ஆற்றுக்கு வடக்கே ரமணி

பீடோங் ரமணியிடம் அவள் ஊர் இருக்கும் கெடா மாநிலத்தைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அவள் வேலை செய்யும் பினாங்கு மாநிலப் பிறை ஊர்த் தொழிற்சாலையின் கேண்டீனில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைக் கொடுக்கிற ஒரே ஆள், கூட வேலை செய்யும் பரஞ்சோதி. பினாங்கு மாநிலத்துக்காரி. பட்டர்வொர்த்தில் பிறந்து, பட்டர்வொர்த்திலேயே வாக்கப்பட்டு, இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையான மூடா ஆற்றைத் தாண்டினால் வெறும் காடு என்று நம்புகிறவள்.

ரப்பர் தோட்டத்துப் பெண்ணாக ரமணி முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோதே, "ஹாஸ்டல்ல தங்கிக்கோ, டெய்லி அவ்வளவு தூரம் எதுக்கு?" என்று கேட்டார்கள். "எங்க வீடு பீடோங்ல இருக்கு" என்றாள். சூப்பர்வைசர் ஆனபோது பிறையில் வீடு பார்க்கச் சொன்னார்கள். அப்போதும் அதே பதில். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஆற்றைத் தாண்டுவதும் இருட்டியபின் திரும்புவதுமாகவே வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. வீம்பு என்றார்கள். ஆமாம், வீம்புதான். அதிலென்ன தப்பு?

இப்படிப்பட்ட ரமணியின் மகள் நளினிக்கும் பரஞ்சோதியின் மகன் விக்னேஸ்வரனுக்கும் காதல் வந்து தொலைத்தது. பெண் பார்க்க வந்த பரஞ்சோதி, வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அங்கே சுவரோரமாக நீலத் தோங்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற பீப்பாய்.

"என்ன ரமணி, பொண்ணு பார்க்க வந்தோமா, தண்ணி டிப்போ பார்க்க வந்தோமா? உங்க கெடாவுல குழாயைத் திறந்தா காத்துதான் வருமாமே."

பாதி உண்மைதான். அடிக்கடி தண்ணீர் நிற்கிற ஊர். வீட்டுக்கு வீடு தோங்கு வைத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் அது நிரம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்புப் பக்கமே போவார்கள். ஆனால் அதைப் பரஞ்சோதி சொல்வதா?

"நீ குடிக்கிற தண்ணி எங்க மலையிலருந்து இறங்கி வருது. திங்கிற சோறு எங்க யான் பக்கத்து வயல்ல விளையுது. ஞாபகம் வெச்சுக்கோ லா" என்றாள் ரமணி.

அடுத்த சண்டை கல்யாணம் எங்கே என்பதில் வந்தது. பட்டர்வொர்த்தில் குளுகுளு ஏர்கோன் மண்டபம் என்றாள் பரஞ்சோதி. பீடோங் மாரியம்மன் கோயிலில்தான் தாலி என்றாள் ரமணி. விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் பரஞ்சோதி சொன்னாள்:

"சரி, தாலி அங்கயே கட்டட்டும். ஆனா எங்க சனம் அவ்வளவு தூரம் வராது. ஒரு வேன்ல வர்றோம். அவ்வளவுதான்."

ரமணி 'வராட்டி போ' என்று வாயால் சொல்லிவிட்டாள். மனசுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க அழைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் காலி நாற்காலிகளாகக் கிடக்க, அதைத் தாண்டித்தான் தன் மகள் மணவறைக்கு நடந்து போகவேண்டும்.  இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆற்றுக்குத் தெற்கே ஏதோ பெரிய குழாய் உடைந்து, பட்டர்வொர்த் முழுக்கத் தண்ணீர் நின்றுபோனது. பரஞ்சோதி அதைப் பற்றி ரமணியிடம் மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளைதான் நளினிக்குப் போன் பண்ணினான். சாயங்காலம் நலங்கு, தலைக்கு ஊற்ற வீட்டில் ஒரு சொட்டு இல்லை என்றான்.

"என்னங்க, லோரிய எடுங்க" என்றாள் ரமணி.

காய்கறி ஏற்றும் லோரியில் பாதித் தோங்குகளை ஏற்றினார் கணவர் நடராஜா. நிரம்பிய பீப்பாய்களைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டே, "போறதுதான் போறோம். எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார்.

"தண்ணியக் காட்டி ஆள் பிடிக்கிற நெலமைக்கு நான் வரல."

பரஞ்சோதி வீட்டு வாசலில் கடையில் வாங்கிய தண்ணீர் போத்தல்கள் அடுக்கியிருந்தன. அதை வைத்து நலங்கை ஒப்பேற்றிவிடலாம் என்று இருந்திருக்கிறாள். லோரியைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நான் கேக்கலையே" என்றாள்.

"டிப்போவுல மிச்சம் இருந்துச்சு."

மஞ்சள் பூசி, மாப்பிள்ளை தலையில் சுமங்கலிகள் செம்பு செம்பாக ஊற்றினார்கள். ஒதுங்கி நின்ற ரமணி சத்தமாகச் சொன்னாள், "மாப்பிள்ளை கெடா தண்ணியில குளிச்சாச்சு. இனிமே எங்க ஊருக்காரன்."

கூட்டம் சிரித்தது. பரஞ்சோதி மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று ரமணி கேட்கவில்லை. கொண்டுபோன தோங்குகளை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் வெளுக்கும்போதே வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. நடராஜா போட்ட சத்தத்தில் ரமணி பாதிக் கொண்டையோடு ஓடினாள். வேன் ஒன்று நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ். அதற்கும் பின்னால் பினாங்கு நம்பர் கார்கள், தெருமுனை வரைக்கும். இறங்கியவர்கள் யாரும் பட்டு உடுத்தியிருக்கவில்லை. கைலியும் பழைய சட்டையுமாக, தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. பட்டுச் சேலைகள் மடிப்புக் கலையாமல் பைகளில் இருந்தன.

ரமணி கார்களைத் தெருமுனை வரைக்கும் எண்ணிப் பார்த்தாள். பரஞ்சோதி எதிரே நிற்கும்போது அழுதுவிட அவள் என்ன பைத்தியமா?

"எங்க ஊர்ல இன்னும் தண்ணி வரல" என்றாள் பரஞ்சோதி. "குளிக்காம கோயிலுக்கு எப்படி வர்றது? அதான் மொத்த சனத்தையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். அதுக்காக கெடா ஒசத்தின்னு என் வாயால வரும்னு நெனைக்காத."

"நீ சொல்லவே வேணாம்" என்றாள் ரமணி. மீதித் தோங்குகள் நின்ற பின்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, செம்பை எடுத்துச் சம்பந்தி கையில் கொடுத்தாள். "வரிசையில நில்லு."