கோப்பில் ஏறிய ஒரு வரி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அகராதி. அகராதி பிடித்த ஆள் என்றால் நம்மிடையே வேறு அர்த்தம். அதுவும் பொருந்தும் என்று நான் சொல்வதுண்டு. ஜெர்மன் மருத்துவமனைகளிலிருந்து வரும் நோயாளிக் கோப்புகளை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்துநான்கு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். எலும்பு, ஈரல், ரத்தம் எல்லாவற்றையும் கூட இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். நோயாளி எப்படி நடந்துகொண்டார் என்று டாக்டரும் நர்சும் எழுதிவைக்கிற பக்கங்கள் மட்டும் இவர் மேஜைக்கு வரும். மாத்திரையைத் துப்பினார், கட்டைப் பிய்த்துப் போட்டார், தனக்கு நோய் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை, இந்த மாதிரி. "ஈரல் எங்க போனாலும் ஈரல்தான். மனுஷன் முரண்டு பிடிக்கறதுக்குத்தான் ஆளுக்கொரு பேர் வச்சிருக்கான்" என்பார்.

ஜெர்மன்காரர்கள் சொல்லோடு சொல்லைக் கோத்து நீட்டிக்கொண்டே போவார்களாம். அப்படி இருபத்திரண்டு எழுத்துள்ள ஒரு சொல் இவரை மூன்று நாள் தூங்கவிடவில்லை. முழுசாகச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆரம்பம் மட்டும் 'வெர்டாய்' என்று வரும். நோயாளி பொய் சொல்கிறார் என்பதல்ல அதன் பொருள். வலி நிஜமாகவே இருக்கிறது. அடுத்தவருக்கு அது புரியாமல் போய்விடுமோ என்று கொஞ்சம் அழுத்திக் காட்டுகிறார், அவ்வளவுதான். இதற்கு ஆங்கிலத்தில் எதைப் போட்டாலும் ஆள் நடிக்கிறார் என்ற வாடை அடிக்கிறது என்று சோற்றில் கையை வைத்துக்கொண்டு புலம்பினார்.

"அப்படி வந்துட்டா என்ன ஆகிடும்?" என்று கேட்டேன்.

"அப்புறம் அந்தாளு வலின்னு கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க" என்றார்.

கடைசியில் அலுவலகத்தில் நாலு பேர் கூடி 'சிம்ப்டம் ஆம்ப்ளிஃபிகேஷன்' என்று முடிவு செய்து சொல்பட்டியலில் ஏற்றினார்கள். நோவைப் பெரிதாக்கிக் காட்டுதல். இவருக்கு அரை மனசுதான். ஆனால் பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு யோசிக்கிற வேலையே இல்லை. அடுத்த கோப்பில் அந்த ஜெர்மன் சொல்லைக் கண்டதும் கணினி தானாகவே இந்த ஆங்கிலத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

இவருக்கு ஒரு அக்கா. புருஷன் போன பிறகு எட்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்பவள் உலகத்திலேயே கிடையாது, நானும் விதிவிலக்கு இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. காய் நறுக்கித் தருவார், துணி மடித்துவைப்பார், என் சமையலில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்தால் 'அம்மாடி', எழுந்தால் 'அம்மாடி'. காலையில் குதிகால், மத்தியானம் தோள்பட்டை, சாயங்காலம் தலைக்குள் ஏதோ குடைகிறது. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. நாள் முழுக்க அடுத்தவர்கள் குறையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அந்த 'அம்மாடி' என்னை வரவேற்கும்.

"உங்க அக்காவுக்குக் கொசு கடிச்சா யானை மிதிச்ச மாதிரி" என்று ஒரு நாள் சமையலறையில் இவரிடம் சொன்னேன். "இருக்கற வலியைப் பத்து மடங்காக் காட்டறாங்க."

இவர் சிரித்துவிட்டார். "இதுக்குத்தான் அவங்க ஒரே சொல்லா வச்சிருக்காங்க. வெர்டாய்."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. நாத்தனார் 'அம்மாடி' என்று சோபாவில் சாய்ந்தால் இவர் என்னைப் பார்த்து 'வெர்டாய்' என்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். "என்னடா அது?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். "ஆபீஸ் வார்த்தைக்கா" என்றார் இவர். அவரும் சேர்ந்து சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரித்த அந்த முகம் இன்றைக்கு நினைத்தால் என்னைக் கூசவைக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாத்தனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. சதைப் பிடிப்பாக இருக்கலாம், நாலு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டு முனகியபடி கிடந்தார். நர்சம்மா பக்கத்திலேயே நின்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் முடிந்து, "வீட்ல பொதுவா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார்.

சாதுவாக இருப்பார் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமலும் இருந்திருக்கலாம். இவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "இருக்கற வலியைப் பத்து மடங்காக் காட்டுவாங்க" என்றார். என் வாக்கியம். சமையலறையில் நான் சொன்னது, ஒரு சொல் மாறாமல். அதோடு விட்டாரா? "சிம்ப்டம் ஆம்ப்ளிஃபிகேஷன்னு சொல்லுவோம்" என்று சேர்த்துக்கொண்டார்.

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். "சார் டாக்டரா?"

"இல்ல, மருத்துவ மொழிபெயர்ப்பு."

"அதான் கரெக்டா சொல்றீங்க" என்று அதை அப்படியே எழுதிக்கொண்டார். இவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து நான் வழக்கம்போல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆமாம், சிரித்தேன். நாத்தனார் முனகிக்கொண்டிருந்தபோது, இரண்டு முழத் தூரத்தில் நின்று சிரித்தேன்.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் வாக்கரைக் கொண்டுவந்து நடக்கவைத்தாள். நாத்தனார் வார்டே அதிரும்படி அலறினார். அந்தப் பெண் கட்டிலின் காலடியில் தொங்கிய கோப்பைப் புரட்டினாள். பிறகு எங்களைப் பார்த்து ஒரு மாதிரி புன்னகைத்தாள், விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் புன்னகைப்பதுபோல. "இன்னும் ரெண்டு அடிம்மா, ஒண்ணும் ஆகாது" என்றாள். ஒவ்வொரு ஷிப்டிலும் புது நர்ஸ் வந்து முந்தின பக்கத்தைப் பார்த்து அந்த வரியைத் தன் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டாம் நாளும் அலறல். மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பினார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார்கள்.

"பாத்தீங்களா, கண்டுக்காம விட்டா தானா சரியாகுது" என்று நான் இவரிடம் சொன்னேன். இதையும் நான்தான் சொன்னேன்.

ஐந்தாம் நாள், லீவு முடிந்து வந்த எலும்பு டாக்டரம்மா போர்வையை விலக்கிப் பார்த்தார். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் ஒரு விரல்கடை குட்டையாகவும் இருந்தது. உடனே ஸ்கேன். தொடை எலும்பின் கழுத்தில் எக்ஸ்ரேக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. முதலிலேயே படுக்கவைத்திருந்தால் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கலாம். நடக்கவைத்ததில் எலும்பு விலகிவிட்டது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு நடந்தாங்களா? வலின்னு சொல்லவே இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார். நர்ஸ் கோப்பை நீட்டினாள். டாக்டரம்மா அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். 'நோவைப் பெரிதாக்கிக் காட்டுபவர் என்று உறவினர் தெரிவிக்கிறார்; உறவினர் மருத்துவத் துறை சார்ந்தவர்.'

"யாரு இந்த உறவினர்?"

இவர் வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். டாக்டரம்மா கோப்பை மூடினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூட்டின் பாதியை எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தோம். கைத்தடி வந்துவிட்டது, சாய்ந்த நடை வந்துவிட்டது. 'அம்மாடி' மட்டும் வரவில்லை. உட்கார்ந்தாலும் சத்தமில்லை, எழுந்தாலும் சத்தமில்லை. எட்டு வருடம் நான் எது நிற்காதா என்று வேண்டிக்கொண்டேனோ அது நின்றுவிட்டது. வீடு தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து இவர் முன்னால் வைத்தார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன எழுதியிருக்காங்கன்னு முழுசாப் படிச்சுச் சொல்லு. உன் வேலைதானே."

இவர் படித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். விழுந்த தேதி, மாத்திரை, எக்ஸ்ரே. நான் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இவர் விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு அடுத்த வரிக்குத் தாண்டியது. இருபத்துநான்கு வருடத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டதில்லை என்று மார்தட்டுகிற மனுஷன் அவர். அன்றைக்கு ஒரு முழு வரியை விழுங்கிவிட்டு, ஆபரேஷன் நடந்த தேதியைப் படித்தார்.

கடைசிவரை கேட்டுவிட்டு நாத்தனார் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வரியை விட்டுட்டியேப்பா."

"இல்லக்கா, எல்லாம் படிச்சுட்டேன்."

"அன்னிக்கு நர்சம்மாகிட்ட சொன்னியே, அது. எழுதியிருப்பாங்களே." கோபமில்லாமல்தான் கேட்டார். "அடிபட்டது இடுப்புலதான் தம்பி. காது நல்லாத்தான் இருந்துச்சு."

இவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வெர்டாய், வெர்டாய்னு சிரிப்பீங்களே, அதுதானே இது?"

தம்ளர் என் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஏன்க்கா அப்புறம் சத்தமே போடல?" என்று இவர் கேட்டார்.

"என்ன பண்ணச் சொல்ற? கத்தினா, தம்பி சொன்னது சரிதான்னு ஆகுது. கத்தாம இருந்தா, வலியே இல்லன்னு ஆகுது. ரெண்டு நாள் கத்திப் பாத்தேன். அப்புறம், நாலு பேர் முன்னாடி உனக்கு ஏன் தலைகுனிவுன்னு விட்டுட்டேன்."

"நான்தான்க்கா தப்பு, நான்தான்" என்று இவர் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது என் வாக்கியம், இவர் அதை இங்கிலீஷில் மாற்றிய பாவத்தைத்தான் செய்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "காபி ஆறுது" என்றேன்.

அடுத்த நாள் அந்த வரியை எடுக்கச் சொல்லி இவர் மருத்துவமனை ஆவணப் பிரிவுக்கு நடந்தார். "எழுதினதை அழிக்க முடியாது சார். வேணும்னா கீழ மறுப்பு எழுதிக் கொடுங்க, சேத்து வைக்கிறோம்" என்றார்களாம். எனக்கு இது தெரிந்ததுதான். மாற்றுச் சான்றிதழில் பிள்ளைகளின் 'நடத்தை' என்ற கட்டத்தை நிரப்புகிறவள் நான்தானே. கோப்பில் ஏறியது இறங்காது. அதனால்தான் எவ்வளவு அடங்காத பிள்ளைக்கும் 'நன்று' என்றுதான் எழுதுவேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்து எழுதுகிறவளுக்கு வீட்டில் இருந்த ஒரு மனுஷிக்கு நாக்கு அடங்கவில்லை. இவர் ஏழெட்டுத் தாளைக் கிழித்துப்போட்டு ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'மேலே சொல்லப்பட்ட உறவினர் நான், நான் சொன்னது தவறு.'

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். நாத்தனாரை மேஜையில் படுக்கவைத்துக் காலைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். "வலிக்குதாம்மா?"

நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "பரவாயில்லம்மா" என்றார்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க டாக்டர்" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "அன்னிக்கு எழுதினது நான் சொன்ன பேச்சு. வீட்ல நான் சொன்னதைத்தான் இவர் இங்க வந்து சொன்னாரு. அக்கா பொய் சொல்ற ஆள் இல்ல. எங்களுக்காகத்தான் இப்ப பரவாயில்லங்கறாங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் பார்க்கவில்லை, அவருக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சொல்லுங்கம்மா. எங்க வலிக்குது?" என்றார். நாத்தனாரின் கண் மறுபடியும் எங்கள் பக்கம்தான் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. பிறகு உள்ளேயிருந்து கேட்டது, இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இல்லாத அந்தச் சத்தம்.

"அம்மாடி."