பத்துக்குப் பன்னிரண்டு

எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். மாத்தளை டவுனில் வீட்டு வரைபடம் கீறும் அலுவலகத்தில் வேலை செய்வதால் வந்த பழக்கம். அந்த விளம்பரத்தையும் அப்படித்தான் எழுதினேன்.

மலைச்சரிவில் இயற்கைத் தங்குமிடம்.
1. திறந்த கூரை. படுத்தபடியே வானம் பார்க்கலாம்.
2. மழைக்காலத்தில் அறைக்குள்ளேயே ஓடும் தண்ணீர்.
3. ஆறு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. வரிசையில் நின்று புதிய நண்பர்களைப் பெறலாம்.
4. விசாலமான அறை: பத்துக்குப் பன்னிரண்டு அடி. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் கை எட்டும் தூரத்தில்.

படத்தில் இருந்தது தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தின், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளின், கடைசிக் காம்பரா. அம்மாவுக்கு அடுத்த வீடு. கொழுந்தெடுக்கும் அத்தை ஒருவர், இழுப்பு வருகிற பத்து வயது மகளோடு அங்கே இருக்கிறார். உறவில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். கூரை நனைந்தால் மகளுக்கு மூச்சு வாங்கும். அதற்காகத் தோட்ட நிர்வாகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. மனுவை வாசிக்காதவர்கள் கேலியை வாசிப்பார்கள் என்று நினைத்தேன்.

“போட்டோ எடுத்து போன்ல போடவா அத்தை?”

“போடு, போடு. அந்தக் கூரை ஓட்டை படத்துல விழுற மாதிரி எடு. என் மூஞ்சி மட்டும் வேணாம்.”

நாலாவது வரிக்குச் சரியான எண் வேண்டும் என்று தோன்றியது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் டேப்பை எடுத்தேன். மகள் ஒரு முனையைப் பிடித்தாள். அத்தை அடுப்பு ஊதுவதை நிறுத்தினார்.

“அளக்கிறியா?”

“ஆமாங்க அத்தை.”

அவர் தண்ணீர்க் குடத்தை நகர்த்தி, மூலைவரை வழி விட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் எண்ணைக் குறித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விளம்பரம் பரவியது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, தினமும் கேட்பார்: “என்ன தங்கச்சி, ஒங்கட ஹோட்டல்ல ரூம் ஈக்கா?” காலைச் சாப்பாடு உண்டா என்று யாரோ கேட்டிருந்தார்கள். “ரொட்டி நிச்சயம், சம்பல் அதிர்ஷ்டம்” என்று பதில் போட்டேன். சிரிப்பு முகங்கள் குவிந்தன. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மழை பிடித்த பிறகு வீட்டுக்குப் போனேன். லயத்தில் இரண்டு வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம். கடைசிக் காம்பராவில் அதே ஓட்டை.

“தோட்டத்து ஆபீஸ் லிஸ்டுல அவ பேருதான் மொதல்ல இருந்துச்சு” என்றார் அம்மா. “வேணாம்னுட்டா.”

“ஏன்?”

“நீ அளந்துட்டுப் போனியே. வீடு வருதுங்கிறா. புது வீட்டுக்குப் போறவளுக்குத் தகரம் எதுக்கு, கைப்புள்ளக்காரி எடுத்துக்கட்டும்னு விட்டுக்குடுத்துட்டா.”

தோட்டத்தில் டேப்போடு ஒருவர் வந்தால் வீட்டுத் திட்டத்துக்கு வந்தவர் என்று அர்த்தம். எனக்குத் தெரியாததல்ல. அப்படி வந்தவர்களுக்குப் பின்னால் ஓடி, டேப் முனையைப் பிடிக்கக் கெஞ்சியவள்தான் நானும். அந்தத் தகரங்கள் என் விளம்பரத்தால் வந்தவையா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. வந்திருந்தால், கேலி தன் வேலையைச் செய்திருக்கிறது. தடுத்தது டேப்.

அத்தையிடம் போனைக் காட்டி, நாலு வரியையும் வாசித்தேன். இரண்டாவது வரிக்கு மகள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இழுப்பில் நின்றது. அவள் முதுகைத் தடவியபடி அத்தை கேட்டார்:

“அப்ப வீடு?”

“இல்லைங்க அத்தை. இது பகிடிக்கு எழுதினது.”

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். “ஓட்டை நல்லாத்தான் விழுந்திருக்கு” என்றார்.

அடுத்த ஞாயிறு, கூரைமேல் விரிக்க டவுனிலிருந்து நீலத் தறப்பாள் கொண்டுபோனேன். பத்துக்குப் பன்னிரண்டோடு கூரைச் சரிவையும் ஓரத்தையும் கூட்டிக் கணக்குப் பார்த்து வெட்டியது. அம்மாவும் நானும் இழுத்துக் கட்டினோம். ஒரு விரல்கூட மிஞ்சவில்லை. கீழே மகள் பாயில் சாய்ந்திருந்தாள். காற்றில் தறப்பாள் உப்பி அடங்கியது. கீழே அவள் மூச்சும் அப்படியே ஏறி இறங்கியது.

அத்தை நாலு மூலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். குரலில் கேலி இல்லை.

“கணக்காத்தான் அளந்திருக்க, புள்ள.”